இரண்டு விளக்கும் பச்சை

அத்தியாயம் 9

“இது என்னோடது இல்ல,” என்று சொல்லி அந்தப் பெண் மேஜை மேல் போட்டது, தலைமுடியைக் கட்டுகிற ஒரு பேண்ட். அரக்கு நிறம். ஒரு பக்கம் நூல் பிரிந்து, உள்ளே இருந்த ரப்பர் எட்டிப் பார்த்தது.

“நம்பறோம்,” என்றான் ரேடியோ, காதைக்கூட எட்டாத அவளுடைய கிராப்பைப் பார்த்துவிட்டு. பிறகு தன் வழுக்கையைத் தடவிக்கொண்டான். “என்னோடதும் இல்ல. இந்த அறையில சந்தேகத்துக்குரிய ஆள் எங்க மேடம் ஒருத்தங்கதான்.”

மேடம் என்று அவன் சொன்னது தன் முதலாளியை. துப்பறியும் தொழிலில் அவளை எல்லோரும் ‘நிதானம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். மாடிப்படி ஏறும்போதுகூட ஒவ்வொரு படியையும் விசாரித்துவிட்டு ஏறுவாள். அவளுடைய உதவியாளனுக்கு ‘ரேடியோ’ என்று பெயர் வந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அணைக்கிற பொத்தான் இல்லாத வாய்.

எதிரே உட்கார்ந்திருந்தவள் நெட்வொர்க் இன்ஜினியர். எப்போதும் கழுத்தில் ஒரு சுருள் கேபிளை மாலை மாதிரி போட்டுக்கொண்டு திரிவதால் ஆபீஸில் அவள் பெயர் ‘ஒயர்’. இன்று கழுத்து காலி. சஸ்பெண்ட் ஆனவளுக்கு மாலை எதற்கு?

வழக்கு இதுதான். ஊரின் ஆம்புலன்ஸ்களையெல்லாம் ஒரே அறையிலிருந்து அனுப்பும் கன்ட்ரோல் ரூம். போன மாதம் ஒரு மத்தியானம், அங்கிருந்த சர்வர் கொஞ்ச நேரம் ஊமையாகிவிட்டது. அழைப்புகள் வந்தன, திரையில் விழவில்லை. அப்படி விழாமல் போன அழைப்புகளில் ஒன்று, முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆபரேட்டரின் மனைவியுடையது. நெஞ்சு வலி. வண்டி போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கன்ட்ரோல் ரூமில் அந்த ஆபரேட்டரை ‘சீனியர்’ என்பார்கள். நிதானத்தைத் தேடி வந்தவர் அவர்தான்.

“யாரால நடந்துச்சுன்னு ஒரு பேர் வேணும்,” என்று கேட்டிருந்தார்.

வருகிற ஒவ்வொருவரிடமும் நிதானம் ஒரு கேள்வி கேட்பாள். அவரிடமும் கேட்டாள். “பேர் தெரிஞ்சா தாங்குவீங்களா?”

“அவ போனதையே தாங்கிட்டேன்.”

ஆபீஸ் இதற்குள் தானே ஒரு பெயரைக் கண்டுபிடித்து வைத்திருந்தது: ஒயர். நாளை காலை விசாரணை. அது முடிந்த கையோடு போலீஸில் புகார். கவனக்குறைவால் மரணம்.

“முதல்லேர்ந்து சொல்லுங்க,” என்றாள் நிதானம். “எனக்குப் புரியற மாதிரி வேண்டாம். இவனுக்குப் புரியற மாதிரி.”

ஒயர் சுவரில் சாய்ந்துகொண்டாள். அவளுடைய வாடகை அறை. கட்டிலுக்கடியில் பாதி கட்டிய பெட்டி ஒன்று தெரிந்தது.

“சர்வர்ல ரெண்டு நெட்வொர்க் கார்டு இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கேபிள். ரெண்டையும் ஜோடி சேர்த்திருக்கேன். டீமிங்னு சொல்வோம். வெளியிலேர்ந்து பார்த்தா ஒரே ஆள் மாதிரி தெரியும். நெரிசல் வந்தா வேலையைப் பங்கு போட்டுக்கும். ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு முழுசாத் தாங்கிக்கும். விழுந்த விஷயமே மேஜையில உக்காந்திருக்கவங்களுக்குத் தெரியாது.”

“இதுக்கு எங்க வீட்ல கல்யாணம்னு பேரு,” என்றான் ரேடியோ.

“இல்ல சார். கல்யாணம்னா ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கணும். இதுல ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கவே கூடாது. சூட்சுமமே அதுலதான் இருக்கு.” அவள் கைகளை விரித்துக் காட்டினாள். “ஒரு கேபிள், சர்வர் இருக்கற கண்ணாடி அறைக்குள்ளயே ஒரு ஸ்விட்சுக்குப் போகுது. விளக்குப் போடற ஸ்விட்ச் இல்ல, கேபிளையெல்லாம் ஒண்ணா இணைக்கற மெஷின். இன்னொண்ணு சுவர்ல இருக்கற ஓட்டை வழியா வெளியில வந்து, கன்ட்ரோல் ரூம் சுவத்துப் பெட்டியில இருக்கற வேற ஸ்விட்சுக்குப் போகுது. வேற ஸ்விட்ச், வேற கரண்ட் லைன். மேஜைகளுக்கும் அப்படியே ரெண்டு வழி. உள்ள இருக்கறது செத்தா வெளியில இருக்கறது பேசும்.”

“அன்னிக்கு உள்ள இருக்கறது செத்துச்சு.”

“ஆமா மேடம். ஆனா வெளியில இருக்கறது பேசல. ஓடிப் போய்ப் பார்த்தா, ரெண்டாவது கேபிளையும் கொண்டு வந்து உள்ள இருக்கற ஸ்விட்சுலயே மாட்டியிருக்கு. ஒரு காலை உடைச்சா போதும், ரெண்டு காலும் போன மாதிரி.”

“அதை நீங்க முன்னாடியே பார்த்திருக்கணும்னு ஆபீஸ்ல சொல்றாங்க.”

“எப்படிப் பார்ப்பேன்?” குரல் உடைந்தது. “கார்டைக் கேட்டா, என் கேபிள்ல உயிர் இருக்குன்னுதான் சொல்லும். மறுமுனை யார் வீட்டுக்குப் போகுதுன்னு அதுக்குத் தெரியாது. என் லேப்டாப்லயும் ரெண்டும் நல்லா இருக்குன்னே காட்டிச்சு. நானும் அதையே நம்பி... கன்ட்ரோல் ரூம்ல இருக்கவங்களுக்கும் அதையே சொல்லி வெச்சிருந்தேன். ‘கண்ணாடி வழியா ஒரு பார்வை பாருங்க. ரெண்டு விளக்கும் பச்சையா இருந்தா கவலையே வேண்டாம்’னு.”

நிதானம் பேண்டை எடுத்தாள். “இது?”

“கேபிள் மிச்சமா இருந்ததைச் சுருட்டி, இதைப் போட்டுக் கட்டியிருந்துச்சு. நான் ஒட்டுப் பட்டைதான் போடுவேன். ஆபீஸ்ல காட்டினேன். ‘இதெல்லாம் ஒரு சாட்சியா’ன்னு சிரிச்சாங்க. செத்த ஸ்விட்சை மட்டும் மாத்திட்டு, விசாரணை முடியற வரைக்கும் கேபிளைத் தொடக் கூடாதுன்னுட்டாங்க.”

“கண்ணாடி அறைக்குப் பூட்டு?”

“ஏசி ரிப்பேருக்கு வந்தவர் கதவைச் சாத்தினப்ப தாழ்ப்பாள் போயிடுச்சு. தள்ளினாலே திறக்கும்.” அவள் கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். “மேடம், சீனியர் என்னை ‘கண்ணு’ன்னுதான் கூப்பிடுவார். அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கிட்டார். ஜெயில்கூடப் பரவாயில்ல. அவர் என்னைப் பத்தி என்ன நெனச்சுட்டிருக்கார்னு யோசிச்சாத்தான் சோறு இறங்க மாட்டேங்குது.”

* * *

படியிறங்கும்போதே ரேடியோ ஆரம்பித்துவிட்டான்.

“கேஸ் முடிஞ்சுது மேடம். நீளமா முடி வெச்சிருக்கற பொண்ணு யாருன்னு பார்க்கறோம். பிடிக்கறோம். மத்தியான சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போறோம்.”

நிதானம் ஒரு படியில் நின்று பேண்டை இழுத்தாள். இழுத்த இடத்திலேயே அது தொங்கியது. திரும்பிச் சுருங்க மனமில்லாமல்.

“இதை எந்தப் பொண்ணாவது தலையில போடுவாளா?”

“போட்டா அடுத்த தெருவுக்குள்ள அவுந்துடும்.”

“ஆக, ஒரு பொண்ணு வேண்டாம்னு தூக்கிப் போட்ட பேண்ட். அதைக் குப்பையிலேர்ந்து எடுத்து, ‘இது எதுக்காவது ஆகும்’னு பத்திரப்படுத்தின ஆள் யாரு?”

ரேடியோ யோசித்தான். “என் மாமனார். காலி பாட்டில்கூட விட மாட்டார்.”

“அதேதான். ஆம்பளை. கூட ஒரு பொண்ணு இருக்கற வீடு. அம்மாவோ, அக்காவோ, பெண்டாட்டியோ.”

“அடடா! அப்ப ஊர்ல பாதிப் பேரை விட்டுட்டோம். மீதிப் பாதிதான் பாக்கி.”

“தாழ்ப்பாளை உடைச்சவர்லேர்ந்து ஆரம்பிப்போம்.”

* * *

ஏசி மெக்கானிக்கின் கடை ஒரு முட்டுச்சந்தில் இருந்தது. வாசலில் வயிறு பிளந்த ஃபிரிட்ஜ் ஒன்று மல்லாந்து கிடந்தது. சுவர் முழுக்க ஆணிகள், ஆணிகள் முழுக்க ஒயர்ச் சுருள்கள். ஒவ்வொரு சுருளையும் பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய பட்டையால் கட்டியிருந்தார்.

ரேடியோ நிதானத்தின் காதில் கிசுகிசுத்தான். “இவர் இல்ல. இவர் டியூப் கட்சி.”

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “தாழ்ப்பாள் விஷயமா? அது ஏற்கெனவே ஆடிட்டிருந்துச்சுங்க. என் மேல போட்டுட்டாங்க.”

“தாழ்ப்பாளை விடுங்க. எதுக்காகக் கூப்பிட்டாங்க?”

“‘ஏசி கத்துது, காது போகுது’ன்னாங்க. போய்ப் பார்த்தா என் ஏசி பாவம் சாதுவா ஓடிட்டிருக்கு. கத்தினது சுவத்துல இருக்கற பெட்டி. உள்ள குட்டியா ஒரு ஃபேன், தேய்ஞ்சு போய் கீச்சு கீச்சுன்னு உயிரை வாங்குது. ‘இது என் டிபார்ட்மென்ட் இல்லீங்க’ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

“அப்புறம் போனீங்களா?”

“தாழ்ப்பாள் தகராறுக்கு இன்னொரு தடவை கூப்பிட்டாங்க. அந்த சோகம் நடக்கறதுக்கு முன்னாடிதான். அப்ப சத்தமே இல்ல. அட, புது ஃபேன் போட்டுட்டாங்களான்னு பெட்டி மேல கை வெச்சேன்.” அவர் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். “ஜில்லுன்னு இருந்துச்சு.”

“ஏசி அறைல ஜில்லுன்னு இருக்காம?” என்றான் ரேடியோ.

“ஓடற மெஷின் எந்த அறையில இருந்தாலும் சூடாத்தாங்க இருக்கும். அது ஓடல. செத்த கோழி மாதிரி கிடந்துச்சு.”

நிதானம் அவரையே பார்த்தாள். “பெட்டிக்குக் கீழ என்ன இருந்துச்சு?”

“ஒரு போன். பழைய கறுப்பு போன். கன்ட்ரோல் ரூம்ல செல்போனை வெளியில வாங்கி வெச்சுக்குவாங்களாம். சாப்பாட்டு நேரத்துல வீட்லேர்ந்து வர்ற போனை அதுலதான் பேசுவாங்க. பாவம், அந்தச் சத்தத்துல என்னத்தைப் பேசறது? ஒரு காதைப் பொத்திக்கிட்டு, சுவத்தோட ஒட்டிக்கிட்டு...”

தெருவுக்கு வந்ததும் ரேடியோ கையைத் தட்டினான்.

“புரிஞ்சுபோச்சு மேடம்! இது காதல் கேஸ். யாரோ ஒருத்தன் மத்தியானம் போன்ல கொஞ்சறான். பெட்டி கத்துது. ‘அன்பே’ன்னா அவளுக்கு ‘கம்பே’ன்னு கேக்குது. கடுப்பாகிப் பெட்டியையே அணைச்சுட்டான். அணைச்சா கேபிள்ல பச்சை விளக்கு போயிடும், ஒயரம்மா திட்டுவா. அதனால கேபிளை உருவி உள்ள இருக்கற ஸ்விட்சுல மாட்டிட்டான். ரெண்டும் பச்சை. எல்லாருக்கும் சந்தோஷம்.”

நிதானம் நடையை நிறுத்தினாள்.

“ரேடியோ. முதல் தடவையா நீ ஒரு கேஸை முழுசாக் கண்டுபிடிச்சிருக்க.”

“கிண்டல் பண்றீங்க.”

“இல்ல. ஆள்தான் பாக்கி. அந்த மூலை போன்ல தினமும் பேசறது யார்னு சீனியரைக் கேட்டா தெரிஞ்சுடும். முதல் நாற்காலி அந்தப் பக்கம்தானே?”

அதைச் சொல்லும்போதே அவள் முகத்தில் ஏதோ ஒன்று மாறியது. ரேடியோ கவனிக்கவில்லை. ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

* * *

கதவைத் திறந்தவள் சீனியரின் மனைவிக்குத் தங்கை. அக்கா போனதிலிருந்து இங்கேயே தங்கியிருக்கிறாள்.

“அத்தான் சட்டைக்கு இஸ்திரி போடறார். உக்காருங்க. லீவ் போடச் சொன்னா கேக்க மாட்டேங்கறார். வீட்ல இருந்தா சுவரைப் பார்த்துட்டே இருக்கணுமாம்.”

சின்ன வீடு. ஜன்னலோரம் இரண்டு நாற்காலிகள் எதிரெதிராக இருந்தன. ஒன்றில் மட்டும் மடித்த துணிகளை அடுக்கியிருந்தார்கள், யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது என்பது போல.

“வாங்க மேடம்.” சீனியர் உள்ளே இருந்தே குரல் கொடுத்தார். “பேர் கிடைச்சுதா?”

“கிட்ட வந்துட்டோம் சார்,” என்று ரேடியோ உற்சாகமாக முன்னால் போனான். “ஒரே ஒரு கேள்வி. அந்த மூலை போன்ல தினமும் மத்தியானம் கொஞ்சற காதல் மன்னன் யாரு...”

வாக்கியம் அங்கேயே நின்றது.

சீனியர் இஸ்திரிப் பெட்டியை அணைத்து, ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். சீராக, ஒரே அளவு வளையங்களாக. சுற்றி முடித்துவிட்டு மணிக்கட்டிலிருந்து எதையோ கழற்றி அதன் மேல் மாட்டினார். கறுப்பு நிற பேண்ட். ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது.

நிதானத்தின் கண்கள் மெதுவாக அறையைச் சுற்றி வந்தன. மிக்சி ஒயரில் பச்சை பேண்ட். சார்ஜர் ஒயரில் நீலம். டிவிக்குப் பின்னால் தொங்கிய கேபிளில் அரக்கு.

அவள் எதைப் பார்க்கிறாள் என்று கவனித்துவிட்டுத் தங்கை லேசாகச் சிரித்தாள். அழுது அழுது சிவந்த கண்ணோடு வந்த சிரிப்பு.

“அக்காவோடதுங்க. தளர்ந்துபோனா தூக்கிப் போட்டுடுவா. அத்தான் பொறுக்கி எடுத்து ஒயர்ல மாட்டிடுவார். ‘உன் தலைக்கு ஆகாததெல்லாம் என் தலையில’ன்னு சண்டை போடுவாங்க பாருங்க, அதுவே ஒரு கச்சேரி.”

ரேடியோ முன்னால் வைத்த காலைப் பின்னுக்கு எடுத்தான்.

“அக்கா தினமும் போன் பண்ணுவாங்களா?” என்று நிதானம் தங்கையிடம் மெல்லக் கேட்டாள்.

“மத்தியானம் தவறாது. அவர் சாப்பிட்டாரான்னு கேக்காம இவ சாப்பிட மாட்டா. நடுவுல கொஞ்ச நாள் புலம்பிட்டே இருந்தா, ‘என்ன மெஷினோ, கீச்சு கீச்சுன்னு கத்துது, மனுஷன் பேசறது ஒரு வார்த்தை கேக்கல’ன்னு. அப்புறம் சரியாயிடுச்சு.” புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “கடைசி நாள்கள்ல நல்லாக் கேட்டுச்சாம். பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்குன்னு சொன்னா.”

* * *

பால்கனிக்கு ரேடியோதான் அவளை இழுத்துக்கொண்டு போனான்.

“சொல்லாதீங்க மேடம்.”

“ரேடியோ...”

“எலி கடிச்சுதுன்னு சொல்லிடலாம்.”

“எலி பேண்ட் போட்டுக் கட்டாது.”

“கண்டுபிடிக்க முடியலன்னு சொல்லுங்க. பீஸைத் திருப்பிக் கொடுத்துடுங்க. என் சம்பளத்துல பிடிச்சுக்குங்க.” அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டான். “பெண்டாட்டி பேசறது கேக்கணும்னுதானே மேடம் பண்ணினாரு? வேற என்ன ஆசைப்பட்டாரு அந்த மனுஷன்?”

நிதானம் கீழே தெருவைப் பார்த்தாள். “அங்க ஒரு பொண்ணு பெட்டி கட்டி வெச்சிருக்கா. வீட்டுக்குப் போறதா, ஜெயிலுக்குப் போறதான்னு அவளுக்கே தெரியல. நாளைக்குக் காலையில விசாரணை. நான் வாயை மூடிட்டா, செய்யாத தப்பை அவ வாழ்நாள் முழுக்கச் சுமப்பா.”

“சொன்னா இவர் சுமப்பார்.”

“ஆமா.”

ரேடியோ அதற்கு மேல் பேசவில்லை. அவனுடன் வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் அவன் அணைந்து நிதானம் பார்த்தது அன்றுதான்.

அவள் உள்ளே போய், மடித்த துணி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தாள். பையிலிருந்து அரக்கு நிற பேண்டை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

சீனியர் அதைக் கையில் எடுத்தார். முகம் மலர்ந்தது. “இது அவளோடதாச்சே. எங்க கிடைச்சுது?”

“நீங்க வெச்ச இடத்துலதான்.”

“நான்...” அவர் யோசித்தார். “ஓ. ஆமா. சர்வர் கேபிள்ல கட்டினேன். மிச்சம் தரையில கிடந்து காலைத் தட்டுச்சு. அந்தப் பெட்டி கத்திட்டே இருந்ததுங்க. புது ஃபேனுக்கு அந்த ஒயர்ப் பொண்ணு எழுதிப் போட்டுச்சு, ஆபீஸ்ல அடுத்த மாசம்னாங்க. இவ போன்ல கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கிட்டா. அதான் பெட்டியை அணைச்சுட்டு, கேபிளை மட்டும் உள்ள மாத்தி மாட்டினேன். ஒண்ணும் கெட்டுப்போகல. நான் பார்த்துட்டுத்தான் வந்தேன். ரெண்டு விளக்கும் பச்சை.”

நிதானம் அவர் கையிலிருந்த பேண்டைப் பார்த்தாள்.

“ரெண்டும் பச்சையாத்தான் எரிஞ்சுதுங்க,” என்றார் மறுபடியும். இந்த முறை குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“ரெண்டும் ஒரே ஸ்விட்சுலேர்ந்து எரிஞ்சுது. அன்னிக்குச் செத்தது அந்த ஸ்விட்ச்.”

“ஆபீஸ்ல... ரெண்டாவது கார்டு வேலை செய்யலன்னாங்க.”

“கார்டு நல்லாத்தான் இருந்துச்சு. அது போக வேண்டிய பெட்டி அணைஞ்சு கிடந்துச்சு.”

சமையலறையில் தங்கை குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. சீனியர் பேண்டை விரல்களில் மாட்டி இழுத்தார். அது திரும்பிச் சுருங்கவில்லை.

“அவகிட்ட நான்தான் சொல்லி வெச்சிருந்தேன்,” என்றார் யாரையும் பார்க்காமல். “‘ஏதாவது ஒண்ணுன்னா எனக்குப் போன் பண்ணிட்டு நிக்காதே. நேரா ஆம்புலன்ஸ் நம்பருக்குப் போடு. அதுதான் வேகம். நானே அங்கதான உக்காந்திருப்பேன்’னு. சொன்ன பேச்சைக் கேக்காதவ. அன்னிக்கு மட்டும் கேட்டுட்டா.”

ரேடியோ சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

சீனியர் எழுந்தார். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டினார். பித்தான்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் போட்டார். ஒன்று மாறிப் போயிருந்தது. தங்கை வந்து, ஒரு வார்த்தை கேட்காமல், அதைச் சரிசெய்துவிட்டாள்.

“பேர் கேட்டேன். தாங்குவேன்னும் சொன்னேன்,” என்றார். “கிளம்பலாம் மேடம். அந்தக் குழந்தை இன்னொரு ராத்திரி தூங்காம இருக்கக் கூடாது.”

* * *

கன்ட்ரோல் ரூமில் சாப்பாட்டு நேரம். பாதி நாற்காலிகள் காலி, மீதிப் பேர் அழைப்பில். மேனேஜர் கண்ணாடி அறை வாசலில் நின்றிருந்தார். நிதானம் போன் செய்து வரவழைத்திருந்த ஒயர், ஓர் ஓரமாக, சுவரோடு சுவராக.

சீனியர் சொன்னது நீளமாக இல்லை. என்ன செய்தார், ஏன் செய்தார், அவ்வளவுதான். ‘ஏன்’ என்ற இடத்தில் மட்டும் ஒரு மூச்சு கூடுதலாக எடுத்துக்கொண்டார்.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். “இதை நாளைக்கு விசாரணையில...”

“சொல்றேன் சார். கையெழுத்தும் போடறேன்.” முதல் மேஜையிலிருந்து தன் ஹெட்செட்டைக் கழற்றி, அதன் கேபிளைச் சுற்றி, மேனேஜர் கையில் கொடுத்தார். பிறகு ஒயரைப் பார்த்தார். “ஆஸ்பத்திரி வாசல்ல முகத்தைத் திருப்பிக்கிட்டேன், கண்ணு.”

“சார்...” அவளுக்கு அழுகை முட்டியது. “நானும்தான் சார். சத்தம் நின்னது எனக்குத் தெரிஞ்சுது. ஆபீஸ்ல ஃபேனை மாத்திட்டாங்கன்னு நெனச்சு, பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கல. விளக்கை மட்டும் பாருங்கன்னு உங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.”

“போதும். நீ உன் வேலையைப் பாரு. அதை எப்படி இருக்கணுமோ அப்படி மாட்டு.”

யாரும் தடுக்கவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணாடி அறைக்குள் போனாள். இரண்டாவது கேபிளை உருவினாள். சுவரின் ஓட்டை வழியாக வெளியே தள்ளினாள். இந்தப் பக்கம் சீனியர் அதை வாங்கி இழுத்துக் கொடுத்தார். அவள் வெளியே வந்து பெட்டியைத் திறந்து, கேபிளை மாட்டி, கரண்டைப் போட்டாள்.

கீச்... கீச்... கீச்...

அறை முழுக்கத் தலைகள் திரும்பின.

“இன்னிக்கு சாயங்காலமே நானே கடையில வாங்கி மாத்திடறேன் சார்,” என்றாள் ஒயர் அவசரமாக.

“அவசரமில்ல கண்ணு,” என்றார் சீனியர். கீழே இருந்த கறுப்பு போனைப் பார்த்தார். “இனிமே எனக்கு மத்தியானத்துல போன் வராது.”

அந்த நேரத்தில் முதல் மேஜையில் சிவப்பு விளக்கு மின்னியது. புது அழைப்பு. மற்றவர்கள் எல்லோரும் வேறு அழைப்புகளில் இருந்தார்கள். மேனேஜர் கையில் ஹெட்செட்டை வைத்துக்கொண்டு தடுமாறுவதற்குள் சீனியர் பழக்க தோஷத்தில் நாற்காலிக்குப் போய் மேஜை ரிசீவரை எடுத்துவிட்டார். மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ரேடியோ உதட்டில் விரல் வைத்து அவரை அடக்கினான்.

“ஆம்புலன்ஸ் சேவை. சொல்லுங்க.”

தலைக்கு மேலே பெட்டி கத்திக்கொண்டிருந்தது. சீனியர் ஒரு காதைப் பொத்திக்கொண்டார். மணிக்கட்டில் அரக்கு நிற பேண்ட் தளர்ந்து தொங்கியது. அவர் சுவரோடு ஒட்டிக் குனிந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“கொஞ்சம் சத்தமாப் பேசுங்கம்மா... நான் இங்கதான் இருக்கேன். கேட்டுட்டுத்தான் இருக்கேன்.”